இந்த விலைக்கு இது போதும்

2022-ல் பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த சமயம். இரவு எட்டு மணி இருக்கும். திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் விசைத்தறிக்காரர், மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. பையை மூடாமல், அணைந்துவிடப் போகிற விளக்கைக் கொண்டு வருகிற மாதிரி பதனமாகப் பிடித்திருந்தார். உள்ளே திறந்தபடி ஒரு சின்ன லேப்டாப். நீலத் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க சார், இது ரெண்டு மணி நேரமா இப்படியே சுத்திட்டிருக்குதுங்க. அணைக்க வேண்டாம்னு வேற போட்டிருக்குது. பாப்பா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காலேஜு லிஸ்ட்டு போட்டாகோணுமாம்."

நான் பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் தெருவில் கம்ப்யூட்டர், ஏ.டி.எம். கார்டு, ஆதார் இணைப்பு என்று எதில் சிக்கல் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். உள்ளே வரச் சொல்லி, என்னுடைய லேப்டாப்பைத் திறந்து கொடுத்தேன். அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கல்லூரிகளின் எண்களை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். பத்தரை மணிக்குள் அறுபது சொச்சம் கல்லூரிகளை ஏற்றிவிட்டோம். சின்ன லேப்டாப் அதுவரைக்கும் மேசை ஓரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், அப்டேட் செய்ய முடியவில்லை, பழைய நிலைக்கே திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

பட்டியலைப் பார்த்துக்கொண்டு வரும்போது ஒன்று கண்ணில் பட்டது. கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பெண். ஆனால் பட்டியலில் எங்கேயுமே கணினி அறிவியல் இல்லை. எல்லாம் சிவில், மெக்கானிக்கல், டெக்ஸ்டைல். அவளுக்கு சிவில் பிடித்திருந்தால் எனக்கென்ன வந்தது? ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டேன்.

"எனக்குக் கம்ப்யூட்டரே ராசியில்லீங்க தாத்தா. நான் தொட்டாலே நின்னுக்கும். பத்தாவதுலயே டீச்சர்கிட்டத் திட்டு வாங்கியிருக்கேன். ஆன்லைன் கிளாஸ்ல எல்லாரும் பதில் டைப் பண்ணி முடிச்சப்புறம்தான் எனக்குக் கேள்வியே தெரியும். நான் அதுல மந்தமுங்க."

இந்தக் கடைசி வாக்கியம்தான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அந்தச் சின்ன லேப்டாப்பை மறுநாள் பார்த்தேன். பதினொன்றரை அங்குலத் திரை. 2 ஜிபி ரேம். சேமிப்புக்கு 32 ஜிபி, அதுவும் தாய்ப்பலகையிலேயே பற்ற வைத்த இஎம்எம்சி என்கிற வகை. கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. 2020 ஊரடங்கில், எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கிய நேரத்தில், பதினான்காயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கியிருக்கிறார். தறி பாதி நாள் ஓடாத காலம் அது. கடன் வாங்கித்தான் வாங்கினார். கடைக்காரர் சொன்னது, "ஆன்லைன் கிளாஸுக்கு இது போதுங்க. இந்த விலைக்கு இதுக்கு மேல என்ன எதிர்பார்க்க முடியும்?"

இந்த "போதும்" என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்கு வழக்கு.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஏமாளிகள் இல்லை. நாமக்கல் புதன்சந்தையில் மாடு வாங்கப் போகிறவரைப் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். கறவை மாடென்றால் கறந்து காட்டச் சொல்வார். அப்புறம்தான் துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். லாரிக்குக் கூண்டு கட்ட நாமக்கல்லுக்கு வருகிறவர், மரம் என்ன மரம், தகடு என்ன கனம் என்று பட்டறையில் நின்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பார். பால் சொசைட்டியில் காலையில் இரண்டு லிட்டர் ஊற்றுகிற அம்மாவுக்குக்கூடக் கொழுப்பு எத்தனை, இதர சத்து எத்தனை என்று அளந்துதான் காசு. அதே மனிதர்கள்தான் பதினான்காயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டியை, ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல், அட்டைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். பொருளுக்குக் கொழுப்புச் சத்து அளக்கிற கருவி யாரிடமும் இல்லை. அட்டையில் 32 ஜிபி என்று போட்டிருக்கிறது. அதில் விண்டோஸ் தனக்கென்று எடுத்துக்கொள்வது போக நமக்கு மிச்சம் எவ்வளவு என்று எங்கேயும் போடுவதில்லை. பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். பிறகு பெரிய அப்டேட் வரும்போது, இறக்கி வைக்கவே இடம் போதாமல் தோற்றுப்போகும். மறுநாள் திரும்ப முயலும். அந்தப் பெண் கண்ட சுழலும் புள்ளிகளின் கதை இவ்வளவுதான். அவள் ராசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மைக்ரோசாஃப்ட் 2019-ல்தான், புதிதாக வரும் கருவிகளுக்கு 32 ஜிபியாவது இருக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன் அதனினும் குறைவு. ரேம் 2 ஜிபி இருந்தால் விண்டோஸ் 10 ஓடும் என்று எழுதியிருந்தார்கள். ஓடும் என்பது உண்மை. அதற்குப் பிறகு நாம் திறக்கப்போகிற பிரவுசரும், வகுப்பு நடக்கிற வீடியோவும் எங்கே உட்காரும் என்று எழுதவில்லை. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபியும் 64 ஜிபியும் குறைந்தபட்சம் என்கிறார்கள். குறைந்தபட்சம் என்றால் சாகாமல் இருக்கத் தேவையானது என்று பொருள். அதையே "போதுமானது" என்று விற்கிறார்கள்.

நானே இதில் விழுந்தவன்தான். ஓய்வுக்கு மூன்று வருஷம் முன்னால், 2009-ல், சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் நெட்புக் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், அப்போது எல்லாக் கம்பெனியும் ஒன்றுபோலத்தான் செய்தன. பத்தங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் ப்ராசஸர், 1 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. மடியில் வைத்தால் தலையணைப் புத்தகம் அளவுகூடக் கனமில்லை. பஸ்ஸில் போகும்போதுகூட எழுதலாம் என்று கனவு. கலப்பை போட்டுத் தமிழில் அடிப்பேன். நான் "அம்மா" அடித்து முடித்தபிறகு "அ" வரும். டப்பிங் படத்தில் வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போவதுபோல இருக்கும். காலையில் பொத்தானை அழுத்திவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவேன். திரும்பி வரும்போது தயாராக இருக்கும். சில நாள் கறிவேப்பிலைக்கும் சேர்த்து ஊற்றிவிட்டு வர வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஆறு மாதத்தில் அது எனக்கு மெதுவாகவே தெரியவில்லை. பெங்களூரிலிருந்து வந்த பையன் ஒருநாள் அதில் ரயில் டிக்கெட் பார்க்க உட்கார்ந்தான். ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிட்டான். "எப்படிப்பா இதை வெச்சுட்டு இருக்கீங்க?" என்றான். "நல்லாத்தானே இருக்குது?" என்று சொன்னேன், மனதார. செருப்பு கடித்துக் கடித்துக் காலே மரத்துப்போன மாதிரி.

அந்த நெட்புக்குகளின் பிறப்புக் கதையைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 2007-ல் தைவானின் ஆசுஸ் கம்பெனி ஈ பிசி என்று ஏழங்குலத் திரையோடு ஒரு குட்டிக் கணினியை விட்டது. 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு, உள்ளே லினக்ஸ். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு நூறு டாலரில் லேப்டாப் என்று அமெரிக்காவில் நிக்கோலஸ் நெக்ரோபான்டே கிளப்பிய பேச்சு அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நூறு டாலரும் கடைசியில் நூற்றெண்பதைத் தாண்டிவிட்டது, அது வேறு கதை. ஈ பிசி நன்றாக விற்றது. லினக்ஸோடு சின்னக் கணினிகள் விற்பதைப் பார்த்த மைக்ரோசாஃப்ட், பழைய எக்ஸ்பியை மலிவு உரிமத்தில் கொடுக்க முன்வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: ரேம் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது, திரையும் ஹார்டு டிஸ்க்கும் இன்ன அளவுக்குள் இருக்க வேண்டும். அதாவது, மலிவான கணினி நல்ல கணினியாகிவிடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததற்கு, இன்னொரு ஜிபி ரேமின் விலை மட்டும் காரணமில்லை.

இந்தப் புத்தி அதற்கும் முன்பே இருந்தது. இந்தியா, இந்தோனேசியா, தாய்லாந்து போன்ற நாடுகளுக்கென்றே எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்று ஒரு பதிப்பு போட்டார்கள். அதில் ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்களுக்கு மேல் திறக்க முடியாது. நாலாவதைத் திறந்தால் மறுத்துவிடும். 2009-ல் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் வந்தபோதும் அதே மூன்று என்ற கணக்கை வைக்கப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். ஆனால் திரையின் பின்படத்தை மாற்ற முடியாது என்பதை மட்டும் விடவில்லை. பேரன் படத்தைத் திரையில் வைத்துக்கொள்ள முடியாத கணினி! அதனால் யாருக்கு என்ன மிச்சம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உன் இடம் இதுதான் என்று தினமும் ஞாபகப்படுத்துவதைத் தவிர.

நம் அரசாங்கங்களும் இதில் சளைத்தவை இல்லை. 2011 அக்டோபரில் டெல்லியில் கபில் சிபல் ஆகாஷ் என்ற டேப்லெட்டை வெளியிட்டார். உலகத்திலேயே மலிவானது என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின. அரசு வாங்கிய விலை சுமார் 2,276 ரூபாய். உள்ளே 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 256 எம்பி ரேம், அழுத்தித் தேய்த்தால்தான் கேட்கும் திரை. அடுத்த வருஷமே வேகமான ப்ராசஸரும் நல்ல திரையும் போட்டு ஆகாஷ் 2 வந்ததே, முதலாவதைப் பற்றிய தீர்ப்புதான். ஆனால் முதலில் வந்ததைக் குறை சொன்னவர்களிடம் சொல்லப்பட்ட பதில் என்ன? இரண்டாயிரத்துக்கு வேறென்ன வேண்டும்?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி இருக்கிறது. பல்லில்லாத மாட்டைத் தானம் கொடுக்கிறவன் கண்டுபிடித்த பழமொழியாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

அதே 2011-ல், செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். முதல் வருஷம் 9.12 லட்சம் கணினிகள். அதற்கு 912 கோடி ரூபாய். எல்காட் டெண்டர் விட்டு வாங்கியது. நிற்பதற்கு முன் ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். அதைப் பற்றி எத்தனை கேலி! ஓசி லேப்டாப், படம் பார்க்கத்தான் ஆகும் என்றெல்லாம். கட்சிக் கணக்கை நான் இங்கே எடுக்கவில்லை. பொருளை மட்டும் பார்க்கிறேன். பதினான்கு அங்குலத் திரை, சுமாரான ப்ராசஸர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும். அந்த வருஷத்துக்கு அது குறைந்த பொருள் இல்லை. ஒன்பது வருஷம் கழித்து என் பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கிக் காசு கொடுத்து வாங்கினதிலும் அதே 2 ஜிபிதான். சேமிப்பு பத்தில் ஒரு பங்கு. இதை எங்கே போய்ச் சொல்ல?

பேங்க் வாழ்க்கையில் நான் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1976-ல் கிளார்க்காகச் சேர்ந்தபோது, பணம் எடுக்க வருகிறவருக்குப் பித்தளை டோக்கன் கொடுத்து உட்கார வைப்போம். செக், லெட்ஜருக்குப் போய், அதிகாரிக்குப் போய், கேஷியருக்கு வர முக்கால் மணி நேரம். யாரும் முகம் சுளித்ததில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். பேங்க் என்றால் அப்படித்தான் என்று நினைத்தார்கள். 1983-ல் சங்கங்களோடு ஒப்பந்தம், 1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை என்று கம்ப்யூட்டர் மெல்ல உள்ளே வந்தது. லெட்ஜர் போஸ்டிங் மெஷின் என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். சங்கத்துக்காரனான நானும் அதை எதிர்த்துக் கோஷம் போட்டவன்தான். எங்கள் கிளைக்கு அது வந்து இரண்டே மாதத்தில், கால் மணி நேரம் காத்திருந்த வாடிக்கையாளர் கவுண்டரைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். முக்கால் மணி நேரம் பொறுமையாக இருந்த அதே ஆள்! ஒருமுறை நல்லதைப் பார்த்துவிட்டால்தான் மனிதனுக்குக் கோபமே வருகிறது. அதுவரைக்கும் அது பொறுமை மாதிரித் தெரிகிறது. பொறுமை இல்லை அது. தெரியாமைதான்.

பிற்பாடு எங்கள் கிளையில் இருந்த கணினிகளில் ரேம் 4 எம்பி. எம்பி, ஜிபி இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. விரல் பட்டதும் எழுத்து வரும். ஒரு நாளைக்கு நானூறு வவுச்சர் போட்டிருக்கிறேன், ஒருமுறைகூட அது என்னைக் காத்திருக்க வைத்ததில்லை. அந்தப் பெண்ணின் கணினியில் இருந்தது அதைப்போல ஐந்நூறு மடங்கு ரேம். ஆனாலும் நின்றது. நிக்லாஸ் விர்த் என்ற சுவிஸ் அறிஞர், பாஸ்கல் மொழியை உண்டாக்கியவர், 1995-லேயே இதை எழுதிவிட்டார்: வன்பொருள் வேகமாவதைவிடச் சீக்கிரமாக மென்பொருள் மந்தமாகிறது என்று. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் மேசையில் நல்ல கணினி வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கனம் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் திருச்செங்கோட்டில் தறி ஓட்டுகிறவர் வீட்டில்தான்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் பையனே சண்டைக்கு வருவான். மலிவுக் கணினி இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கு 2020-ல் ஒன்றுமே கிடைத்திருக்காது. நாலங்குல ஃபோனில்தான் முழு வருஷமும் படித்திருப்பாள். விலை குறைய வேண்டுமென்றால் எதையாவது குறைக்கத்தான் வேண்டும். சரி. திரையைக் குறைக்கட்டும், பிளாஸ்டிக்கைக் குறைக்கட்டும், கேமராவை மட்டமாக வைக்கட்டும். நான் கேட்பது, எதைக் குறைத்தால் பொருளே பயன்படாமல் போகுமோ அதைக் குறைத்து விற்கலாமா என்பதுதான். மூன்று கால் கட்டில் நாலு கால் கட்டிலைவிட முக்கால் விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது வாங்குவோமா? அதே பதினான்காயிரத்துக்குப் பெரிய கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுத் தள்ளிய பழைய லேப்டாப், திறந்து ரேம் மாற்றக்கூடியது, அன்றைக்கும் கிடைத்தது. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. அவர் என்ன செய்வார்? "புதுசா குடுங்க" என்றுதான் கேட்டார்கள்.

அன்றிரவுக்கு வருகிறேன். பட்டியல் ஏற்றி முடிந்தபிறகு, உறுதி செய்யும் பொத்தானை அழுத்தாமல் வைக்கச் சொன்னேன். நாளை சாயங்காலம் வரை நேரம் இருக்கிறதே. என் லேப்டாப்பில் பைதான் திறந்து, பதினேழாம் வாய்ப்பாட்டை அச்சடிக்க இரண்டு வரி எழுதச் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டது, எனக்கே அதற்கு மேல் அதிகம் தெரியாது. அடித்தாள். என்டர் தட்டினாள். கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் தயாரானாள். அதற்குள் வாய்ப்பாடு முழுவதும் திரையில் நின்றது.

திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டனா தாத்தா?"

"இல்ல கண்ணு. இவ்வளவு நேரம்தான் ஆகும்."

"இவ்வளவுதானா?"

அப்புறம் பதினேழை எடுத்துவிட்டு நூற்றிப் பதின்மூன்று போட்டாள். அதற்கப்புறம் அவளாகவே, வாய்ப்பாடு பத்தோடு நிற்காமல் ஆயிரம் வரைக்கும் போனால் என்ன ஆகும் என்று மாற்றிப் பார்த்தாள். அப்பா எழுந்திருக்கச் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரி இரண்டாவது தடவை காபி போட்டாள். நான் அவளுக்கு எந்தப் பாடமும் சிபாரிசு செய்யவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தானாகவே நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். வரிசையை மாற்றி எழுதியிருந்தாள். முதல் பதினைந்தும் கணினி அறிவியல்.

இடம் சேலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கிடைத்தது. இனிமேல் கணினி இல்லாமல் முடியாதே. அவளுடைய பெரியப்பா மகனுக்குப் பத்து வருஷம் முன்னால் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி அட்டாலியில் கிடப்பதாகச் சொன்னாள். எடுத்து வரச் சொன்னேன். மேல்மூடியில் அம்மா படம், மேலே ஒரு விரற்கடை தூசி, பேட்டரி செத்துப்போயிருந்தது. ஆனால் அடியில் திருகாணிகள் இருந்தன! அந்தத் திருகாணிகளைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டோம். சுழலும் தட்டில் ஊசி ஓடித் தேடுகிற வேலை எஸ்எஸ்டியில் இல்லை. தேடுகிற நேரம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. இன்னொரு 2 ஜிபி ரேம் சேர்த்தோம். லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். புது பேட்டரியோடு சேர்த்து மொத்தச் செலவு நாலாயிரத்துக்குச் சற்று மேல். பத்து வயதான கணினி, இரண்டு வயதானதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. முதல் இரண்டு வருஷம் சி, ஜாவா எல்லாம் அதில்தான் படித்தாள்.

2025 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் மறுபடியும் கணினி என்று அறிவித்தார்கள். இந்தத் தடவை 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்று கேட்டார்கள். கொடுப்பது யாராக இருந்தாலும், கேட்டதன் அளவு உயர்ந்திருக்கிறதே, அதில் எனக்கு மகிழ்ச்சி. கடையில் வாங்கப் போகிறவர்களும் அதையே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். பிரவுசரில் பத்துப் பக்கம் திறங்கள். ஒரு வீடியோவை ஓடவிட்டு, கூடவே தமிழில் நாலு வரி அடியுங்கள். எழுத்து விரலோடு வருகிறதா, விரலுக்குப் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். சந்தையில் மாட்டுக்காரன் முறைக்காமலா இருக்கிறான்?

போன மாதம் அந்தத் தறிக்காரரைத் தெருவில் பார்த்தேன். பழைய சின்ன லேப்டாப் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பட்டறையில் வைத்துப் பாட்டுக் கேட்கிறாராம்.

"ஒழுங்காப் பாடுதா?"

"நடு நடுவுல நின்னு நின்னு பாடுமுங்க. தறிச் சத்தத்துல அது யாருக்குத் தெரியுது? போதுமுங்க."